கையில் இருந்தது மண் மட்டும்

பினாங்கு: தீவும் எதிர்க்கரையும் – 23

1960களின் நடுவில் ஜார்ஜ்டவுனிலிருந்து ஃபெர்ரி ஏறி பட்டர்வொர்த்தில் இறங்குகிறவர்கள் சுங்க அதிகாரிகளின் மேசையைத் தாண்டித்தான் வெளியே வர முடியும். இக்கரையும் அக்கரையும் ஒரே மாநிலம், ஒரே சட்டமன்றம், ஒரே முதலமைச்சர். இருந்தும் தீவில் வாங்கிய கைக்கடிகாரத்துக்கும் சட்டைத் துணிக்கும் இந்தப் பக்கம் கால் வைத்ததும் தீர்வை. தீபாவளிச் சாமான் வாங்கப் போன தோட்டத்துப் பெண்கள் புதுச்சேலையை மேலே சுற்றிக்கொண்டு திரும்பிய கதைகளைச் செபராங் பிறையில் பழைய ஆட்கள் இன்னும் சிரித்துக்கொண்டே சொல்வார்கள். சிரிப்பு இருக்கட்டும். ஒரு மாநிலத்தை நடுவே கிழித்துப் போட்ட அந்த மேசையைப் புரிந்துகொள்ளாமல் 1969க்குப் பிந்திய பினாங்கைப் புரிந்துகொள்ள முடியாது.

பிரான்சிஸ் லைட் 1786இல் தீவில் கொடியேற்றிய நாள் முதல் தீர்வையில்லாத் துறைமுகம் என்பதுதான் பினாங்கின் பிழைப்பு. சுமத்ராவின் மிளகும் ரப்பரும், தாய்லாந்தின் அரிசியும், கெடா, பேராக்கின் ஈயமும் எல்லாம் இங்கே வந்து இறங்கி, தரம் பிரித்து, மூட்டை கட்டி, வேறு கப்பல் ஏறிப் போயின. நடுவில் கைமாறும் காசில் சீனத் தவுக்கையும், செட்டியார் கிட்டங்கியும், சூலியா தெரு மரைக்காயரும், தொங்கானில் மூட்டை சுமந்த தமிழ்க் கூலியும் வாழ்ந்தார்கள். மலாயாக் கூட்டரசில் இருந்தால் இந்தச் சலுகை போய்விடும் என்று பயந்த வணிகர்கள் 1948இல் பிரிவினைக் கோரிக்கையே எழுப்பினார்கள். 1949 பிப்ரவரியில் செட்டில்மென்ட் மன்றத்தில் அந்தத் தீர்மானம் 10க்கு 15 என்ற கணக்கில் தோற்றதை முன்பே பார்த்தோம். தீர்வையில்லாத் துறைமுகம் தொடரும் என்ற உறுதிமொழியோடு பினாங்கு 1957இல் சுதந்திர மலாயாவுக்குள் வந்தது.

உறுதிமொழி காப்பாற்றப்பட்டதே ஒரு சிக்கலாகிப் போனதுதான் விசித்திரம். புதிய நாடு தொழிற்சாலைகளை வளர்க்க விரும்பியது. அதற்குச் சுங்கச் சுவர் எழுப்பி உள்நாட்டுச் சந்தையைக் காப்பது அந்தக் காலத்து வழக்கம். பினாங்குத் தீவோ அந்தச் சுவருக்கு வெளியே நின்றது. தீவில் ஒருவர் சோப்போ பிஸ்கட்டோ செய்தால், கடலைக் கடந்து நாட்டுக்குள் கொண்டு வரும்போது அது வெளிநாட்டுச் சரக்காகி வரி கட்டும். அப்படியிருக்க யார் தீவில் ஆலை வைப்பார்கள்? 1960களின் தொடக்கத்தில் மாநில அரசு எழுப்பிய முதல் தொழிற்பேட்டை தீவில் அமையவில்லை, எதிர்க்கரையில் மாக் மண்டினில் அமைந்தது. ஜப்பானின் யாவாத்தா நிறுவனத்தோடு சேர்ந்து தொடங்கிய மலாயாவாத்தா உருக்காலையும் 1967இல் பிறையில்தான் உலை மூட்டியது. நிலக்கரி இல்லாத நாட்டில் அந்த உலைக்குப் பழைய ரப்பர் மரங்களைச் சுட்டெடுத்த கரி போட்டார்கள். பால் வற்றிய மரம் இரும்பு உருக்கப் போனது. தீவுக்கு அதில் ஒன்றும் கிடைக்கவில்லை.

இதற்கிடையில் பழைய பிழைப்பும் கையை விட்டது. 1963இல் இந்தோனேசியா மலேசியாவோடு மோதலில் இறங்கியதும் சுமத்ரா வியாபாரம் ஒரே அடியில் நின்றது. 1966இல் சமாதானம் ஆன பிறகும் போன சரக்கு முழுவதும் திரும்பி வரவில்லை. இந்தோனேசியா தன் துறைமுகங்கள் வழியே நேரடியாக ஏற்றுமதி செய்யத் தொடங்கியிருந்தது. கூட்டரசு போர்ட் சுவெட்டன்ஹாமை நாட்டின் தலைமைத் துறைமுகமாக வளர்த்துக்கொண்டிருந்தது. பிரிட்டிஷ் படைகளும் மூட்டை கட்டின. கிளாகோரிலிருந்த மிண்டன் பாசறை காலியாக, அங்கேதான் 1969இல் தொடங்கிய பல்கலைக்கழகம் பின்னர் குடியேறியது. இப்போதைய மலேசிய அறிவியல் பல்கலைக்கழகம் அது.

மாநிலத்தின் கோபம் எவ்வளவு ஏறியிருந்தது என்பதை 1967 நவம்பர் காட்டியது. பிரிட்டன் பவுண்டின் மதிப்பைக் குறைத்தது. பவுண்டோடு கட்டப்பட்டிருந்த பழைய மலாயா வெள்ளி நோட்டுகளும் கூடவே சரிந்தன. அந்த ஆண்டு ஜூனில்தான் பேங்க் நெகாரா புதிய நோட்டுகளை வெளியிட்டிருந்தது. அவற்றுக்குப் பாதிப்பில்லை. வங்கிக் கணக்கு வைத்திருந்தவர் தப்பித்தார். தலையணைக்கடியில் பழைய நோட்டைச் சேர்த்து வைத்திருந்த கூலிக்காரரின் ஒரு வெள்ளி விடிந்தபோது 85 காசு. தொழிற்கட்சி நவம்பர் 24ஆம் தேதி கடையடைப்புக்கு அழைத்தது. அது கலவரமானது, பிறகு இனக் கலவரமானது. ஊரடங்கு போட்டார்கள். தீவிலும் எதிர்க்கரையிலும் அதைத் தாண்டியும் பரவிய அந்த நாட்களில் இருபதுக்கும் மேற்பட்ட உயிர்கள் போயின. வேலையில்லா இளைஞர்கள் நிறைந்த ஊரில் தீக்குச்சிக்குப் பஞ்சமில்லை.

தீர்வையில்லாத் துறைமுகச் சலுகை பொருள் பொருளாகக் குறைந்துகொண்டே வந்து 1969இல் ரத்தானது. இந்த ஆண்டைத் தமிழர் கணக்கில் இன்னொரு காரணத்துக்காகவும் குறித்துக்கொள்ள வேண்டும். குடியுரிமை இல்லாதவர்களுக்கு வேலை அனுமதிச் சீட்டு கட்டாயம் என்ற 1968ஆம் ஆண்டுச் சட்டம் கோலாலம்பூரின் மே 13 கலவரத்துக்குப் பிறகு இறுக்கிப் பிடிக்கப்பட்டது. சிவப்பு அடையாள அட்டையோடு பல பத்தாண்டுகள் தோட்டத்திலும் துறைமுகத்திலும் உழைத்தவர்கள், மனுப்போட வேண்டும் என்று யாரும் சொல்லித்தராததால் அந்நியர்களாகவே மிஞ்சியவர்கள், ஆயிரக்கணக்கில் கப்பலேறினார்கள். சென்னைக்கும் நாகப்பட்டினத்துக்கும் பினாங்கிலிருந்துதான் ரஜூலா புறப்படும். 1926இல் ஓடத் தொடங்கிய கிழட்டுக் கப்பல் அது. இந்த மக்களின் தாத்தாக்களை அழைத்து வந்ததும் அதுதான். பினாங்கின் பொருளாதார மறுமலர்ச்சி பற்றி எழுதுகிறவர்கள் வேலையின்மை எவ்வளவு வேகமாகக் குறைந்தது என்று வியப்பார்கள். வேலை தேடும் வரிசையிலிருந்து ஒரு பகுதியினர் கப்பலேற்றி அனுப்பப்பட்டதையும் அந்த வியப்போடு சேர்த்து எழுதியிருக்கலாம்.

அப்போது மாநிலத்தின் மக்கள்தொகை ஏழே முக்கால் லட்சம். வேலையில்லாதோர் நூற்றுக்குப் பதினைந்து பேர் அளவில் இருந்தார்கள். படித்த பிள்ளைகள் சிங்கப்பூருக்கும் கோலாலம்பூருக்கும் பஸ் ஏறிக்கொண்டிருந்தார்கள்.

முதலமைச்சர் வோங் பாவ் நீ 1957 முதல் பதவியில் இருந்தவர். ஆளும் கூட்டணிக்காரர். ஆகவே கூட்டரசோடு சண்டை போட முடியாதவர். அவர் காலத்தில்தான் வாஷிங்டனிலிருந்து ராபர்ட் நேதன் நிறுவனத்தை அழைத்தார்கள். நேதன் சாதாரண ஆலோசகர் இல்லை. ரூஸ்வெல்ட் காலத்து அமெரிக்காவில் போர்க்கால உற்பத்தியைத் திட்டமிட்ட பொருளியலாளர்களில் ஒருவர். 1950களில் பர்மாவுக்கும் தென்கொரியாவுக்கும் வளர்ச்சித் திட்டம் எழுதியது அவருடைய நிறுவனம். பர்மாவில் அந்தத் திட்டம் என்ன கதியாயிற்று என்பது வேறு கதை. பினாங்குக்கான பெருந்திட்டம் 1970இல் வெளிவந்தது. உள்நாட்டுச் சந்தையை நம்பாதே, ஏற்றுமதிக்கு உற்பத்தி செய், சுற்றுலாவை வளர், தீவை மட்டும் பார்க்காமல் கெடா, பெர்லிஸ், வட பேராக் எல்லாவற்றுக்கும் மையமாக உன்னை நினைத்துக்கொள் என்பது அதன் சாரம்.

ஆனால் திட்டம் கைக்கு வந்தபோது அதைக் கேட்டவர் நாற்காலியில் இல்லை. 1969 மே 10 தேர்தலில், பிறந்து ஓராண்டே ஆகியிருந்த கெராக்கான் கட்சி பினாங்கைக் கைப்பற்றியது. மூன்று நாளில் கோலாலம்பூர் எரிந்தது. பினாங்கு ஓரளவு அமைதி காத்தது. புதிய முதலமைச்சர் லிம் சோங் இயூ ஒரு டாக்டர். பினாங்கு ஃப்ரீ ஸ்கூலில் படித்து, உதவித்தொகை பெற்று எடின்பரோவில் மருத்துவம் முடித்தவர். 1958இல் மலாயாச் சீனர் சங்கத்தின் தலைவராகி, மறு ஆண்டே தொகுதிப் பங்கீட்டில் கூட்டணித் தலைவர் துங்குவோடு மோதித் தலைமைப் பதவியைத் துறந்தவர். எதிர்க்கட்சி முதலமைச்சர். கையில் வேலையில்லாக் கூட்டம். எதிரே அவசரகால ஆட்சி நடத்தும் கூட்டரசு.

இங்கே சற்று நின்று அவர் கையில் என்ன அதிகாரம் இருந்தது என்று எண்ணிப் பார்க்க வேண்டும். மலேசிய அரசியல் சாசனத்தின் ஒன்பதாவது அட்டவணை கூட்டரசுக்கும் மாநிலத்துக்கும் அதிகாரங்களைப் பிரித்துத் தருகிறது. சுங்கம், வருமான வரி, நாணயம், துறைமுகம், பெரும் போக்குவரத்து, தொழிலாளர் சட்டம், தொழில் உரிமம், கல்வி எல்லாம் கூட்டரசிடம். மாநிலத்துக்கு மிஞ்சியவற்றில் கனமானது ஒன்றே: நிலம். காடும் கனிமமும் உள்ள மாநிலங்களுக்கு அவற்றின் வருவாய் உண்டு. பினாங்கிடம் ஈயமில்லை, எண்ணெயில்லை, வெட்டி விற்கக் காடுமில்லை. நாட்டிலேயே பெர்லிஸுக்கு அடுத்த சின்ன மாநிலம். தீவும் எதிர்க்கரையும் சேர்த்து ஆயிரத்தைம்பது சதுர கிலோமீட்டர் தேறாது.

அதே ஆண்டுகளில் சிங்கப்பூரும் இதே நோயில்தான் கிடந்தது. இடைத்தரகு வணிகம் தேய்கிறது, பிரிட்டிஷ் தளம் மூடுகிறது, இளைஞர்களுக்கு வேலையில்லை. லிம் சோங் இயூவையும் லீ குவான் யூவையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பேசுவது நம் ஊர்க் காப்பிக்கடைகளில் பழைய பொழுதுபோக்கு. எனக்கு அந்த ஒப்பீடு எப்போதும் அரைகுறையாகவே பட்டிருக்கிறது. சிங்கப்பூர் 1965இலிருந்து தனி நாடு. வரியைக் குறைக்கலாம், நாணயம் வெளியிடலாம், துறைமுகத்தைத் தானே நடத்தலாம், தொழிற்சங்கச் சட்டத்தைத் திருத்தலாம். ஜூரோங்கின் சதுப்பு நிலத்தை மேடாக்கியபோது அவர்கள் கையில் ஒரு நாட்டின் எல்லாக் கருவிகளும் இருந்தன. பினாங்கிடம் நிலப்பதிவேடும் அளவுச் சங்கிலியும் இருந்தன.

நிலம் என்ற அந்த ஒன்றை வைத்துத்தான் விளையாட்டு தொடங்கியது. 1969 நவம்பரில் பினாங்கு மேம்பாட்டுக் கழகம் பிறந்தது. அரசாங்க இலாகா போலச் சம்பளப் பட்டியலில் முடங்காமல், நிலத்தை வாங்கி, மேடாக்கி, சாலையும் தண்ணீரும் மின்சாரமும் இழுத்து, விற்று, வந்த காசில் அடுத்த நிலம் வாங்கும் அமைப்பு. முதல் பொதுமேலாளர் செட் சிங், அடுத்த இருபது ஆண்டுக்கு முதலமைச்சரின் வலக்கை. 1960ஆம் ஆண்டு நில எடுப்புச் சட்டம் பொதுநலனுக்காகத் தனியார் நிலத்தை எடுக்க மாநிலத்துக்கு அதிகாரம் தந்திருந்தது. கழகத்தின் மூலதனம் உண்மையில் அந்தச் சட்டம்தான் என்று சொல்லலாம்.

இன்னொரு வசதியும் இருந்தது. அதை யாரும் சாதனைப் பட்டியலில் சேர்ப்பதில்லை. ஜார்ஜ்டவுன் நகராண்மைக் கழகம் 1950களில் நாட்டிலேயே பணக்கார உள்ளூராட்சி. சொந்தமாக மின்சாரம் விற்றது, பஸ் ஓட்டியது. 1957இல் நகர அந்தஸ்து பெற்றபோது அதன் முதல் மேயராக இருந்தவர் தொழிற்கட்சியின் டி.எஸ். ராமநாதன். 1965இல் இந்தோனேசிய மோதலைக் காரணம் காட்டி உள்ளூராட்சித் தேர்தல்களை நிறுத்தினார்கள். அடுத்த ஆண்டே அந்த மன்றத்தின் அதிகாரங்களை மாநில அரசு எடுத்துக்கொண்டது. தேர்தல் இன்றுவரை திரும்பவில்லை. ஆக, லிம் சோங் இயூ திட்டம் போட உட்கார்ந்தபோது, இந்தத் தெருவை ஏன் இடிக்கிறீர்கள் என்று கேட்க வாக்குப் பெற்ற நகர மன்றம் ஒன்று எதிரில் இல்லை. ஜார்ஜ்டவுனின் நடுவில் கடைவீடுகளை அப்புறப்படுத்தி 1974இல் கொம்தார் கோபுரத்துக்கு அடிக்கல் நாட்டியபோது இந்த வெற்றிடம் மிகவும் உதவியது.

சரி, எந்த நிலம்? தீவின் தென்கிழக்கில், விமான நிலையத்துக்குப் பக்கத்தில், பாயான் லெப்பாஸ். நெல்வயலும் தென்னந்தோப்பும் கம்பத்து வீடுகளுமாக இருந்த தாழ்ந்த பூமி. ஜார்ஜ்டவுன்காரர்களுக்கு அந்தப் பக்கம் போக இருந்த ஒரே காரணம் பாம்புக் கோயில். அதையொட்டிய கம்போங் ஜாவா வயல்களை எடுத்து மேடாக்கினார்கள். விமான நிலையத்தின் அருகாமையை ஏதோ தற்செயல் என்று நினைக்கக் கூடாது. நூற்றெண்பது ஆண்டுகளாகக் கப்பலை நம்பிய ஊர், முதன்முறையாகக் கப்பலே வேண்டாத சரக்கைத் தேடிப் போயிற்று. கைப்பெட்டியில் அடங்கும் சிப்புகள் லட்சக்கணக்கான வெள்ளி பெறும். அவற்றுக்குத் துறைமுகம் எதற்கு?

சட்டம் கூட்டரசிடமிருந்து வந்தது. 1971ஆம் ஆண்டுத் தீர்வையில்லா வட்டாரச் சட்டம் கம்பிவேலிக்குள் வரும் கச்சாப் பொருளுக்கும் வேலியிலிருந்து வெளிநாடு போகும் சரக்குக்கும் சுங்கம் இல்லை என்றது. அயர்லாந்து 1959இல் ஷானன் விமான நிலையத்தையொட்டி இதைச் செய்து காட்டியிருந்தது. இந்தியா 1965இல் கண்ட்லாவிலும், தைவான் 1966இல் காவோசியுங்கிலும் தொடங்கியிருந்தன. சென்னைத் தாம்பரத்துக்கும் கொழும்புக்குப் பக்கத்துக் கட்டுநாயக்கவுக்கும் அது பின்னால்தான் வந்தது. மலேசியாவில் முதல் வட்டாரம் 1972இல் பாயான் லெப்பாஸில் திறந்தது. ஊரார் வாயில் அது ‘ஃப்ரீ டிரேட் ஸோன்’ ஆகவே இன்றுவரை இருக்கிறது. மூன்றாண்டுக்கு முன் தீவு முழுவதிலிருந்தும் பறித்த சலுகையைச் சில நூறு ஏக்கருக்கு மட்டும் திருப்பிக் கொடுத்த கதை இது. ஒரு வித்தியாசம் உண்டு. பழைய சலுகை சூலியா தெருவில் கடை போட்ட எவருக்கும் உரியது. புதியதற்கு வேலிக்குள் இடம் வேண்டும்.

வேலிக்குள் யார் வருவார்கள் என்ற நிச்சயம் ஒன்றும் முதலில் இல்லை. நம் ஊர்ப் பெண்பிள்ளைகளுக்கு இந்த வேலை வரும் என்று காட்டுவதற்காகக் கழகமே பினாங்கு எலக்ட்ரானிக்ஸ் என்று ஒரு சிறு நிறுவனத்தைத் தொடங்கி நடத்தியது. முதலமைச்சரும் செட் சிங்கும் கலிஃபோர்னியாவுக்குப் போய் நிறுவனங்களின் கதவைத் தட்டினார்கள். அங்கே சம்பளம் ஏறிக்கொண்டிருந்தது. சிப்பின் விலையோ ஆண்டுதோறும் இறங்கிக்கொண்டிருந்தது. நுட்பமான பகுதியை அங்கேயே வைத்துக்கொண்டு கைவேலை அதிகமான பகுதியை ஆசியாவுக்கு அனுப்புவதுதான் அவர்கள் கண்ட வழி. ஹாங்காங்கிலும் சிங்கப்பூரிலும் அது ஏற்கெனவே நடந்தது. பினாங்கு கொஞ்சம் தாமதமாக வந்த போட்டியாளர். ஆனால் ஆங்கிலம் தெரிந்த மேற்பார்வையாளர்கள், பத்தாண்டு வரைக்கும் வரிவிலக்கு, பதினைந்து விழுக்காடு வேலையின்மை எல்லாம் ஒரே இடத்தில் கிடைத்தன. கடைசியில் சொன்னதை விளம்பரத்தில் போடவில்லை என்றாலும் வந்தவர்கள் அதைத்தான் முதலில் பார்த்திருப்பார்கள்.

இன்டெல், ஏஎம்டி, ஹியூலட் பேக்கார்ட், நேஷனல் செமிகண்டக்டர், லிட்ரானிக்ஸ், ஜெர்மனியின் பாஷ், ஜப்பானின் ஹிட்டாச்சி, கிளாரியன் என்று முதலில் வந்த எட்டுப் பேரையும் எட்டுச் சாமுராய்கள் என்று பிற்காலத்தில் பெயர் சூட்டிக் கொண்டாடினார்கள். இன்டெல் அப்போது பிறந்து நாலாண்டே ஆன குழந்தை. அமெரிக்காவுக்கு வெளியே அது கட்டிய முதல் ஆலை பாயான் லெப்பாஸில், ஐந்து ஏக்கரில், சுற்றிலும் வயலாக இருந்த இடத்தில் எழுந்தது.

உள்ளே நடந்த வேலை இது. கலிஃபோர்னியாவில் பொறிக்கப்பட்ட சிலிக்கான் வட்டத் தகடு விமானத்தில் வந்து இறங்கும். அதைச் சின்னச் சின்னச் சதுரங்களாக வெட்டுவார்கள். ஒவ்வொரு சதுரத்தையும் ஓர் உலோகச் சட்டத்தில் ஒட்டுவார்கள். பிறகுதான் கண்ணைப் பறிக்கும் வேலை. மைக்ராஸ்கோப்பில் குனிந்துகொண்டு, தலைமுடியைவிட மெல்லிய தங்கக் கம்பியின் ஒரு முனையைச் சிப்பின் விளிம்பிலுள்ள புள்ளியிலும் மறுமுனையைச் சட்டத்தின் காலிலும் பற்றவைக்க வேண்டும். ஒரு சிப்புக்குப் பதினான்கு கம்பி, பதினாறு கம்பி. ஒரு ஷிப்டுக்கு நூற்றுக்கணக்கான சிப்பு. வேலைக்குச் சேரும்போது கண் பார்வையைச் சோதித்துத்தான் எடுப்பார்கள். சில ஆண்டு போனால் கண்ணில் நீர் வடியும், தலை வலிக்கும், கண்ணாடி வந்துவிடும். கழுவுகிற திரவங்களின் நெடி தனி.

இந்த நாற்காலிகளில் உட்கார்ந்தவர்கள் பெரும்பாலும் பதினேழு முதல் இருபத்தைந்து வயதுப் பெண்கள். 1971இல் தொடங்கிய புதிய பொருளாதாரக் கொள்கை மலாய்க்காரர்களைக் கம்பத்திலிருந்து தொழிலுக்கு இழுக்கச் சொன்னது. ஆகவே கெடா நெல்வயல் கிராமங்களிலிருந்து பெண்கள் பஸ் பஸ்ஸாக வந்து இறங்கினார்கள். செபராங் பிறைத் தோட்டங்களிலிருந்து தமிழ்ப் பெண்களும் வந்தார்கள். அதிகாலை நாலரைக்குக் கித்தா மரத்துக்குக் கத்தி எடுத்துப் போன தாய்க்கு, வெள்ளைக் கோட்டு மாட்டி, குளிர்சாதன அறையில் உட்கார்ந்து மாதச் சம்பளம் வாங்கும் மகள் பெரிய அதிசயம். தோட்டத்துப் பேருந்து நிறுத்தத்தில் பேக்டரி பஸ்ஸுக்கு நிற்கும் பெண்ணைப் பற்றி வம்பு பேசியவர்களும் அந்தச் சம்பளத்தில் வாங்கிய ரேடியோவைக் கேட்கத் தவறவில்லை. மலாய்ப் பெண்களுக்கு ‘மினா காரான்’ என்ற கேலிப் பெயரே விழுந்தது.

1970களில் மலேசியாவின் மின்னணு ஆலைகளில் அவ்வப்போது ஒன்று நடந்தது. ஷிப்டின் நடுவில் ஒரு பெண் கத்துவாள், மைக்ராஸ்கோப்புக்குள் ஏதோ உருவம் தெரிகிறது என்பாள். அடுத்த நாற்காலிக்காரி விழுவாள். சற்று நேரத்தில் வரிசை முழுவதும் அலறும். நிர்வாகம் வேலையை நிறுத்தி, மலாய் மந்திரவாதியான பொமோவைக் கூப்பிட்டு, சில இடங்களில் ஆட்டைப் பலி கொடுத்துச் சாந்தி செய்தது. அமெரிக்க மேலாளர்கள் இதை மூடநம்பிக்கை என்று எழுதினார்கள். பினாங்கு ஆலைகளிலும் நடந்த இதைப் பின்னால் ஆராய்ந்த மானிடவியலாளர்கள், வேறு எந்த வழியிலும் எதிர்ப்புச் சொல்ல முடியாதவர்களின் குரல் அது என்றார்கள். எனக்கு இரண்டாவது கூற்றே சரியாகப் படுகிறது. ஏனெனில் வேறு வழி உண்மையிலேயே அடைக்கப்பட்டிருந்தது. மின்னணுத் தொழிலாளர்களைத் தேசியத் தொழிற்சங்கம் ஒன்றில் சேர்க்க எடுத்த முயற்சிகளுக்குக் கூட்டரசு இடம் தரவில்லை. 1988இல்தான், அதுவும் ஆலைக்குள் மட்டும் அடங்கும் சங்கங்களுக்கு அனுமதி கிடைத்தது. முதலீட்டாளர் ஓடிவிடுவார் என்ற அச்சம்தான் காரணம். தொழிற்சங்கவாதிகள் பலர் சேர்ந்து உருவாக்கிய கெராக்கான் கட்சி, 1971இல் அவர்களில் பலரை இழந்து, 1972இல் கூட்டரசின் ஆளும் அணியோடு மாநிலக் கூட்டணி கண்டது. லிம் சோங் இயூவுக்குச் சுங்கத்தில் கையெழுத்துப் போடுகிறவர்களின் தயவு தேவைப்பட்டது.

இந்த ஏற்பாடு எவ்வளவு மெல்லிய நூலில் தொங்கியது என்று 1974, 75ஆம் ஆண்டுகளில் தெரிந்தது. எண்ணெய் விலை ஏறி, உலகம் மந்தத்தில் விழுந்து, அமெரிக்காவில் சிப்பு வாங்குவோர் குறைந்தார்கள். பாயான் லெப்பாஸில் பெண்களைக் கூட்டம் கூட்டமாக வீட்டுக்கு அனுப்பினார்கள். கம்பத்துக்கும் தோட்டத்துக்கும் திரும்பியவர்களை எந்தக் கணக்கும் வேலையற்றோர் என்று முழுமையாகப் பிடிக்கவில்லை. போதாக்குறைக்கு 1975இல் இன்டெல் ஆலை தீப்பிடித்து எரிந்தது. மூட்டை கட்டிவிடுவார்கள் என்றே பலரும் நினைத்தார்கள். கட்டவில்லை. பக்கத்து ஆலைகளில் இடம் வாங்கி வேலையைத் தொடர்ந்து, திரும்பக் கட்டினார்கள். அந்த முடிவில் பினாங்கின் மேலிருந்த பாசத்தைத் தேட வேண்டியதில்லை. அதற்குள் ஆட்கள் வேலை கற்றிருந்தார்கள், டெக்னீஷியன்கள் உருவாகியிருந்தார்கள், அச்சும் உதிரிபாகமும் செய்யும் சீனப் பட்டறைகள் சுற்றி முளைத்திருந்தன.

நான் பினாங்கின் வெற்றி என்று ஒன்றைச் சொல்வதானால் அந்தப் பட்டறைகளைத்தான் சொல்வேன். வேலிக்குள் வந்த பன்னாட்டு நிறுவனங்கள் உலகெங்கும் போயின. பல ஊர்களில் சலுகை முடிந்ததும் கிளம்பியும் போயின. இங்கே வேலிக்கு வெளியே ஒரு தொழில் வளர்ந்தது. 1989இல் மாநிலமும் நிறுவனங்களும் சேர்ந்து தொடங்கிய பினாங்கு திறன் மேம்பாட்டு மையம் அதற்கு ஆள் தயாரித்தது. உலகத்தின் சிப்புச் சோதனையிலும் பொதியாக்கத்திலும் ஏறத்தாழ 13 விழுக்காடு மலேசியாவில் நடக்கிறது என்று இன்று சொல்கிறார்கள். 2021இல் இன்டெல் பத்தாண்டுகளில் மூவாயிரம் கோடி வெள்ளி போடப்போவதாக அறிவித்தபோது, அறிவிப்பில் பெருமளவு பினாங்கு இருந்தது. நேதனின் அறிக்கையில் சிப்பு பற்றி யாரும் இவ்வளவு எதிர்பார்த்திருக்கவில்லை. திட்டம் திசையைச் சொன்னது. போய்ச் சேர்ந்த இடத்துக்குக் கழகமும், கலிஃபோர்னியாவின் அவசரமும், கம்பத்துப் பெண்களின் கண்களும் பொறுப்பு.

நேதன் சொன்ன இன்னொரு பாதி, வடக்கு முழுவதற்கும் மையமாக இரு என்ற பாதி, அவ்வளவு சுலபமாகக் கூடிவரவில்லை. பினாங்கு தொழிலில் ஏறியது, கெடா நெல்லில் நின்றது. பக்கத்துக் கூலிமில் உயர்தொழில்நுட்பப் பூங்கா வர 1990களாயிற்று. கெடா, பெர்லிஸ், வட பேராக், பினாங்கு நான்கையும் ஒரே பொருளாதார வட்டாரமாகக் கூட்டரசு அறிவித்தது 2007இல். அதற்குப் பிறகும் மாநில எல்லை எல்லையாகவே இருக்கிறது. பினாங்கின் குழாய்த் தண்ணீரில் ஐந்தில் நாலு பங்கு, எல்லையில் ஓடும் மூடா ஆற்றிலிருந்து எடுப்பது. மேல்நிலத்துக் காட்டைக் காப்பது நாங்கள், காசு பார்ப்பது நீங்களா என்று கெடா கேட்கிறது. ஆறு எங்கள் எல்லையிலும் ஓடுகிறது என்கிறது பினாங்கு. நிலம் மாநிலத்துக்கு என்று எழுதிய அட்டவணை, நிலத்தின் மேல் ஓடும் தண்ணீரை யார் பங்கிடுவது என்பதில் இருவருக்கும் வாதாட இடம் வைத்துவிட்டது.

நிலம் விற்று வாழும் கழகத்துக்கு ஒருநாள் நிலம் தீர்ந்துதான் ஆக வேண்டும். பாயான் லெப்பாஸ் வட்டாரம் கட்டம் கட்டமாக நீண்டது. பக்கத்தில் பாயான் பாரு என்ற புதுநகரம் எழுந்தது. எதிர்க்கரையில் செபராங் ஜெயா எழுந்தது, பிறையிலும் ஒரு தீர்வையில்லா வட்டாரம் வந்தது. ஃபெர்ரியில் லாரிகள் மணிக்கணக்கில் வரிசை நின்றன. 1985 செப்டம்பரில், தமிழரான ச. சாமிவேலு பொதுப்பணி அமைச்சராக இருந்த காலத்தில், பதின்மூன்றரைக் கிலோமீட்டர் பாலம் போக்குவரத்துக்குத் திறந்தது. சுங்க மேசை என்றோ எடுபட்டிருந்தது. இப்போது டோல் சாவடி வந்தது.

பாலம் திறந்ததும் தீவில் நிலவிலை ஏறியது. மலைச்சரிவு ஒரு பக்கம், கடல் மறுபக்கம். கழகத்தின் பார்வை தெற்கே, எதிர்க்கரையில் ஆறுகளும் கடலும் சூழ்ந்த பத்து காவானின் மேல் விழுந்தது. பத்தொன்பதாம் நூற்றாண்டில் ஒப்பந்தக் கூலிகளாகத் தமிழர்களை இறக்கிக் கரும்பு பயிரிட்ட வெல்லஸ்லி மாகாணத்தின், அதாவது இன்றைய செபராங் பிறையின், பழைய தோட்டப் பூமி அது. லயங்களும், மாரியம்மன் கோயிலும், தமிழ்ப்பள்ளியும் அங்கே இருந்தன. ஆயிரக்கணக்கான ஏக்கர், ஒரே கையில், ஒரே பத்திரத்தில். தனித்தனிக் கம்பத்து வீட்டுக்காரர்களோடு பேசி வாங்கிக் களைத்த கழகத்துக்கு அதைவிட வசதியான நிலம் வேறு எங்கே கிடைக்கும்? பத்திரத்தில் பெயரில்லாமல் நாலு தலைமுறையாக அங்கே குடியிருந்தவர்களுக்கு என்ன கிடைத்தது என்பதை அடுத்த வாரம் பார்ப்போம்.

(தொடரும்)